கொரோனா சமயத்தில் அமெரிக்க அரசு விவசாயிகளுக்குக் கொடுத்த பணம் சின்னப் பண்ணைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா?

சேர்ந்தது. ஆனால் பன்றி யார் பெயரில் இருந்ததோ அவருக்குச் சேர்ந்தது.

அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஒரு சின்ன ஊரில், வரிக்கணக்கு போடும் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மக்காச்சோளமும் சோயாவும் போட்டு, கூடவே பன்றி வளர்ப்பவர்கள்.

2020 ஏப்ரலில் பக்கத்து மாநிலத்தில், சியூ ஃபால்ஸில் இருந்த பெரிய இறைச்சி ஆலையில் தொற்று பரவி, ஆலையை மூடிவிட்டார்கள். விற்க வேண்டிய பன்றி கொட்டகையிலேயே நின்றது. நிற்கிற ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு. எடையும் ஏறிக்கொண்டே போகும். ஆலை கேட்கும் எடையைத் தாண்டிவிட்டால் விலையில் பிடித்துக்கொள்வார்கள்.

அதே மாதம் 1,900 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார்கள். அதில் 1,600 கோடி நேரடியாக விவசாயிகளுக்கு. மே 26-இல் மனு வாங்க ஆரம்பித்தார்கள். விற்காமல் நின்ற பன்றிக்குக் கணக்கு ரொம்ப எளிது. ஏப்ரல் 16-லிருந்து மே 14 வரை கொட்டகையில் அதிகபட்சம் எத்தனை பன்றி இருந்ததோ, தலைக்கு 17 டாலர். 1,000 பன்றி என்றால் 17,000 டாலர். முதலில் அதில் 80 சதவீதம். எண்ணிக்கைக்கு விவசாயியின் கையெழுத்தே போதும், ரசீதெல்லாம் கேட்டால் காட்டினால் சரி. அரசாங்கப் பணம் இவ்வளவு சீக்கிரம் வந்து நான் பார்த்ததில்லை.

தலைக்கு இவ்வளவு என்று வைத்தால், தலை அதிகம் இருப்பவருக்குத்தானே அதிகம் போகும்? ஒரு ஆளுக்கு 2,50,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள்தான். கம்பெனியாகப் பதிந்த பண்ணையில் பங்குதாரர்கள் ஆளுக்கு 400 மணி நேரம் உழைப்போ நிர்வாகமோ காட்டினால், மூன்று பேர் வரை சேர்த்து 7,50,000 வரைக்கும் போகலாம். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் பண்ணைகளுக்கு அது நன்றாகவே பொருந்தியது.

அப்புறம் பிபிபி கடன், அதாவது கொரோனா சமயத்தில் சின்னத் தொழில்கள் சம்பளம் கொடுத்துத் தாக்குப்பிடிக்க அரசு ஏற்பாடு செய்த கடன். சொன்னபடி செலவழித்தால் திருப்பிக் கட்ட வேண்டாம். தனியாகப் பண்ணை நடத்துபவருக்கு முதலில் நிகர லாபத்தை வைத்துத்தான் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களோ டிராக்டர் வாங்கித் தேய்மானம் எழுதி, வரிக்கணக்கில் நஷ்டம் காட்டியிருப்பார்கள். (எழுதித் தந்ததே நாங்கள்தான்.) லாபம் பூஜ்யம் என்றால் கடனும் பூஜ்யம். 2020 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, மொத்த வரவைப் பார்த்தால் போதும் என்றார்கள். அதன் உச்சவரம்பு 20,833 டாலர். பொதுவில் கிடைக்கும் கடன் பட்டியலில் எங்கள் பக்கத்து ஊர்களைத் தேடினால், வரிசையாக 20,833, 20,833 என்றே வரும். ஊர்க்காரர்கள் அந்தப் பட்டியலில் முதலில் தேடியது பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத்தான்.

விட்டுப்போனவர்கள் ஒப்பந்தத்துக்கு வளர்ப்பவர்கள். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, கொட்டகையும் கரண்டு பில்லும் நம்முடையது, கிடைப்பது வளர்ப்புக் கூலி. இங்கே பன்றிக்கும் அதே கதைதான். தலைக்கு 17 டாலர் பன்றிக்குச் சொந்தக்காரருக்குப் போய்விட்டது. எங்களிடம் வரும் ஒருவருக்கு, கம்பெனி அடுத்த ஈட்டை, அதாவது அடுத்த தொகுதிப் பன்றிக்குட்டிகளை, இறக்குவதைத் தள்ளிப்போட்டதில் கொட்டகை வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தது. கொட்டகைக் கடனுக்குத் தவணை மட்டும் நிற்கவில்லை. அவர் 2020 ஜூனில் வந்து கேட்டபோது, உங்கள் பன்றி இல்லையே என்றுதான் என்னாலும் சொல்ல முடிந்தது. “சாணி மட்டும் என்னுடையதா?” என்று கேட்டார்.

அவர்களுக்கென்று 2021 ஆகஸ்டில்தான் வழி திறந்தது. 2020 வருமானத்தை 2018 அல்லது 2019 வருமானத்தோடு ஒப்பிட்டு, குறைந்ததில் 80 சதவீதம் வரை தருவதாக ஏற்பாடு. கெடு அக்டோபர் 12. அதே மனிதர் மூன்று வருட வளர்ப்புக் கூலிச் சீட்டுகளை ஒரு காகிதத் தீவனப் பையில் போட்டு எடுத்துவந்து, என் மேசையில் கொட்டினார். பாதி நாள் தீவனத்தூளைத் தட்டித் தட்டித்தான் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.