பவர்பாயின்ட் ஸ்லைடு கோப்பு கனக்கிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

ஈசூன் தமிழாசிரியை: பொங்கல் பாடத்துக்கு 14 ஸ்லைடுதான், 68 எம்பி காட்டுகிறது. ஜிமெயிலில் இணைக்க முடியவில்லை. ஸ்லைடுகளைக் குறைக்கட்டுமா?

வேண்டாம் டீச்சர். ஜிமெயில் இணைப்புக்கு 25 எம்பிதான் எல்லை, ஆனால் கனம் ஸ்லைடுகளில் இல்லை, படங்களில் இருக்கிறது. கைப்பேசிப் படம் ஒன்று 4000க்கு 3000 புள்ளி இருக்கும். மூலையைப் பிடித்துச் சிறிதாக்கினாலும் உள்ளே முழுப்படமும் அப்படியே உட்கார்ந்திருக்கும். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், சுருக்கியதைத் திரும்பப் பெற முடியாது. அப்புறம் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, 'பிக்சர் ஃபார்மட்' போய், 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' அழுத்துங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். திரையில் காட்ட 150 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி, போதும்.

பொங்கோல் சமூக மன்றத் தொண்டூழியர்: குழுப்படத்தில் ஓரத்தில் நின்றவரை கிராப் செய்து வெட்டிவிட்டேன். அளவு குறையவே இல்லையே?

அவர் போகவில்லை, ஒளிந்திருக்கிறார். கோப்பு யாருக்குப் போகிறதோ அவர் கிராப்பை இழுத்தால் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். மேலே சொன்ன 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' பெட்டியில் 'டிலீட் கிராப்ட் ஏரியாஸ்' டிக் செய்யுங்கள்.

பிடோக் மாணவர்: ஜிப் செய்து அனுப்பினால் குறையாதா அண்ணே?

குறையாது தம்பி. பவர்பாயின்ட் கோப்பு வடிவமான பிபிடிஎக்ஸ் என்பதே ஜிப்தான், 2007 பதிப்பிலிருந்து அப்படி. இதில் ஒரு வசதி உண்டு. நகல் ஒன்றின் பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்து, 'பிபிடி' உள்ளே 'மீடியா' கோப்புறையை அளவுவாரியாக அடுக்கிப் பாருங்கள். குற்றவாளி முதல் வரிசையிலேயே நிற்பான். ஒருமுறை நான் எல்லாப் படத்தையும் சுருக்கிவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், யாரும் பயன்படுத்தாத ஸ்லைடு மாஸ்டர் (ஸ்லைடுகளின் பொது வார்ப்புரு) ஒன்றில் பிரம்மாண்டமான பின்னணிப் படம்!

அங் மோ கியோ அக்கா: தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியாமலிருக்க எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்த்தேன். கோப்பு பெருத்துவிட்டது.

விண்டோஸில்தான் திறப்பார்கள் என்றால், அதிலேயே இருக்கும் நிர்மலா யூஐ எழுத்துருவுக்கு மாறுங்கள் அக்கா. சேர்க்கவே தேவையில்லை.

கிளமெண்டி வாசகர்: வீடியோ?

விண்டோஸ் பவர்பாயின்டில் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'கம்ப்ரெஸ் மீடியா'. 720பி தரம் தாராளம்.

ஜூரோங் கணக்காளர்: எக்செல் வரைபடம் ஒன்றை ஒட்டினேன், 6 எம்பி ஏறிவிட்டது.

ஒட்டும்போது 'எம்பெட்' ஆகியிருந்தால் முழு எக்செல் கோப்பும் கூடவே வந்திருக்கும் சார். படமாக ஒட்டுங்கள். ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியாயிற்றா? அந்த எக்செல்லில் சம்பளப் பட்டியல் எதுவும் இல்லையே?