கேள்வி – பதில்: கையொப்பம் கேட்டவர்களும் மறுத்தவர்களும்

கேள்வி: எதிர்க்கட்சிக்காரரையும் மாற்றுக்கருத்தாளரையும் ஒருவராகவே கருதலாமா? (தோ பாயோ வாசகர்)

பதில்: ஒருவரே இரண்டுமாக இருக்கலாம், ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைகள். எதிர்க்கட்சிக்காரர் ஆட்சிக்கு வர விரும்புகிறார். அதில் தவறேதும் இல்லை. மாற்றுக்கருத்தாளர், அரசு தானே எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றுமாறு கேட்கிறார். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையில், கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த செக்கோஸ்லோவாகியா 1968இல் கையொப்பமிட்டது. 1975இல் 35 நாடுகள் கூடிய ஹெல்சிங்கி மாநாட்டில் அதை மீண்டும் உறுதிசெய்தது. 1976 மார்ச்சில் உடன்படிக்கை அந்நாட்டில் நடைமுறைக்கும் வந்தது. 1977 ஜனவரியில் வெளியான ‘சாசனம் 77’ என்னும் அறிக்கை அந்தக் கையொப்பத்தைத்தான் அரசுக்கு நினைவூட்டியது. நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், முன்னாள் வெளியுறவு அமைச்சர் யிர்ஷி ஹாயெக், தத்துவ அறிஞர் யான் பதோச்கா ஆகிய மூவரும் அதன் முதல் பேச்சாளர்கள். தொடக்கத்தில் கையொப்பமிட்டவர்கள் 242 பேர். தங்கள் கருத்துக்காகவும், சில வேளைகளில் பெற்றோரின் கருத்துக்காகவும் இளையர்களுக்கு உயர்கல்வி மறுக்கப்படுகிறது என்பது போன்ற, ஊரறிந்த செய்திகளே அதில் இருந்தன.

அரசின் பதில் நடவடிக்கைதான் விசித்திரமானது. சாசனத்தை மக்கள் படிக்க விடாமல், அதைக் கண்டிக்கும் அறிக்கையில் கையொப்பமிடுவதற்காக நடிகர்களையும் பாடகர்களையும் பிராக் தேசிய நாடக அரங்கில் கூட்டினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தாங்கள் கண்டிப்பது எதை என்று படித்ததே இல்லை. அவர்களை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் நாம் என்ன செய்திருப்போம் என்று யார் அறிவார்? பதோச்கா, நீண்ட விசாரணைகளுக்குப் பின் மார்ச் 13ஆம் தேதி தமது 69ஆம் வயதில் இறந்தார். ஹாவெல் சிறைக்குச் சென்று மீண்டு, 1989இன் கடைசி வாரத்தில் அதிபரானார்.

கேள்வி: இணையம் இல்லாத காலத்தில் இத்தகைய எழுத்துகள் எப்படிப் பரவின? (ஈசூன், பல்கலைக்கழக மாணவி)

பதில்: தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும் போதுமானவையாக இருந்தன. 1968 ஏப்ரலில் மாஸ்கோவில் தொடங்கிய ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ என்னும் இரகசிய இதழைக் கவிஞர் நடால்யா கோர்பனேவ்ஸ்காயா தாமே தட்டச்சு செய்தார். பெற்றவர்கள் மறுபடி தட்டச்சு செய்து கைமாற்றினார்கள். கைது, வழக்கு பற்றிய செய்தியை அனுப்ப விரும்பியவர், தமக்கு இதழ் தந்தவரிடம் சொல்வார். அவர் தமக்குத் தந்தவரிடம் சொல்வார். இப்படியே செய்தி பின்னோக்கிச் சென்று ஆசிரியரை அடையும். அடைமொழியோ ஆவேசமோ இல்லாத அதன் நடை எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் தாத்தா கிராணியாக வேலை பார்த்தவர் என்றால், கார்பன் தாளில் ஆறாவது படி எவ்வளவு மங்கலாக விழும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நம் சிங்கப்பூரில் இவ்வாறு நீண்ட காலம் அடைபட்டவர் உண்டா? (ஜூரோங் வாசகர்)

பதில்: உங்கள் ஜூரோங் தொகுதியிலேயே 1963இல் எதிர்க்கட்சியான பாரிசான் சோசலிஸ் கட்சியின் சார்பில் வென்ற சியா தை போ இருக்கிறார். 1966 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதான அவர், வழக்கு விசாரணையே இல்லாமல் 22 ஆண்டுகளுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். அவருக்குக் கம்யூனிஸ்ட் கட்சியுடன் தொடர்பு உண்டு என்றது அரசாங்கம், அவர் மறுத்தார். வன்முறையைக் கைவிடுவதாகக் கையொப்பமிட்டால் வெளியே வந்திருக்கலாம். ஆனால், அவ்வாறு எழுதிக் கொடுப்பது முன்பு வன்முறையை ஆதரித்ததாக ஒப்புக்கொள்வதாகும் என்று அவர் கையொப்பமிடவில்லை. 1989இல் செந்தோசாத் தீவிலுள்ள ஒரு காவலர் குடிலுக்கு மாற்றப்பட்டு, 1992இல்தான் தலைநிலத்துக்குத் திரும்பினார்; கடைசிக் கட்டுப்பாடுகள் 1998 நவம்பரில் நீங்கின. செந்தோசாவில் அவர் ‘சுதந்திர மனிதர்’ என்பதால், அந்தக் குடிலுக்கு வாடகையையும் அவரே செலுத்த வேண்டியிருந்தது.