பக்கத்து எண்ணெய்க் கிணற்றில் கரியமில வாயு: எங்கள் போர் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஹூஸ்டனில் வேலை பார்க்கிறோம். மேற்கு டெக்சாஸில் 60 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். குடிக்க, தோட்டத்துக்கு எல்லாம் 220 அடி போர் தண்ணீர்தான். பக்கத்து நிலத்தில் ஓய்ந்துபோன எண்ணெய்க் கிணற்றில் ஒரு கம்பெனி கரியமில வாயுவைச் செலுத்தி மிச்ச எண்ணெயை எடுக்கப் போவதாக உள்ளூர்ப் பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது. எங்களுக்கு நோட்டீஸ் வரவில்லை. எங்கள் நிலத்து மூலையில், முள்புதருக்குள், யார் போட்டதென்றே தெரியாத துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்றும் நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பேப்பரின் தேதியைப் பாருங்கள். உங்களுக்குத் தபால் வராது. விதிப்படி நோட்டீஸ் போவது கிணறு இருக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கும், அரை மைலுக்குள் எண்ணெய்க் கிணறு நடத்துபவர்களுக்கும், கவுண்டி, நகர எழுத்தர்களுக்கும்தான். பக்கத்து நிலத்துக்காரருக்குப் பேப்பர் விளம்பரமே நோட்டீஸ். அதிலிருந்து 15 நாளுக்குள் டெக்சாஸ் ரயில்ரோட் கமிஷனில் ஆட்சேபம் கொடுத்தால் விசாரணை கேட்கலாம். (பெயர்தான் ரயில், அங்கே எண்ணெயை ஆள்வது அவர்கள்தான்.) ஊரில் எல்லாருக்கும் உள்ள பொதுவான பயத்தை எழுதினால் எடுபடாது. உங்கள் போர், உங்கள் குழாய், உங்களுக்கு வரும் நஷ்டம், இவற்றை எழுதுங்கள்.

அடுத்து, எந்த வகுப்பு என்று பாருங்கள். 1974-ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின்கீழ் நிலத்துக்குள் செலுத்தும் கிணறுகளுக்கு ஆறு வகுப்புகள் உண்டு. எண்ணெய் எடுப்பதற்காகச் செலுத்தினால் இரண்டாம் வகுப்பு. வாயுவை நிரந்தரமாகப் புதைப்பதற்கென்றே என்றால் ஆறாம் வகுப்பு. அது 2010-இல் வந்தது, கெடுபிடி அதிகம். செலுத்துவதை நிறுத்திய பிறகும் பொதுவாக 50 வருடம் கண்காணிக்க வேண்டும், வாயு பரவும் பகுதியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மறுகணக்குப் போட வேண்டும், அதற்கெல்லாம் பணத்துக்கு உத்தரவாதமும் காட்ட வேண்டும். உங்கள் பக்கத்துக் கிணறு இரண்டாம் வகுப்பு. அதில் இந்த 50 வருடக் கணக்கு கிடையாது. பின்னாளில் எண்ணெய் குறைந்து, வாயுவைப் புதைப்பதே முக்கிய வேலையாகி, குடிநீருக்கு ஆபத்து கூடினால் ஆறாம் வகுப்புக்கு மாற வேண்டும் என்று விதி இருக்கிறது. அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் முள்புதர்க் குழாய்தான். ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே அழுத்திய வாயு பாறையைத் துளைத்துக்கொண்டு 220 அடிக்கு வருவது அரிது. ஆனால் அந்தக் குழாய் சரியாக மூடாத பழைய கிணறு என்றால் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. வாயு நீரில் கரைந்தால் நீர் அமிலமாகும். பாறையில் இருக்கும் ஆர்சனிக், ஈயம் போன்றவை நீரில் இறங்கலாம். இரண்டாம் வகுப்பில் விண்ணப்பதாரர் கால் மைலுக்குள் இருக்கும் பழைய கிணறுகளை அரசுப் பதிவேட்டில் பார்த்துச் சொன்னால் போதும். பதிவேட்டிலேயே இல்லாத குழாய் அந்தக் கணக்கில் வராது. அதனால் இன்றைக்கே படம் எடுத்து, ஜிபிஎஸ் புள்ளியும் தூரமும் எழுதி, ஆட்சேபத்தோடு இணையுங்கள்.

அப்புறம் தண்ணீர்ப் பரிசோதனை. வாயு செலுத்தத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற லேப் ஆளே வந்து மாதிரி எடுக்கட்டும். நீங்கள் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். பிஎச் (அமிலத்தன்மை), டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு), குளோரைடு, ஆர்சனிக், ஈயம், இரும்பு கட்டாயம். சட்டம் லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்குக் குறைவான டிடிஎஸ் உள்ள நிலத்தடி நீரையே பாதுகாக்கிறது. நம் ஊரில் 2,000 வந்தாலே கேன் வாங்குவோம்; நீங்கள் குடிப்பதே அந்தத் தண்ணீரைத்தான், ஆகவே உங்கள் போர் அதற்குள்தான் வரும்.

'பர்மிட் வாங்கிவிட்டார்களே, இனி வழக்குப் போட முடியாதே' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பக்கத்துக் கிணற்றில் செலுத்திய கழிவுநீர் தன் நிலத்துக்கு அடியில் பரவியது என்று ஒரு நிலத்துக்காரர் போட்ட எஃப்பிஎல் ஃபார்மிங் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2011-இல், பர்மிட் மட்டுமே நஷ்ட வழக்கிலிருந்து காப்பாற்றாது என்று சொன்னது. ஆனால் அதே வழக்கு 2015-இல் நிலத்துக்காரருக்கு எதிராக முடிந்தது: தான் சம்மதிக்கவில்லை என்று நிரூபிப்பது அவருடைய வேலை என்றது நீதிமன்றம். சொத்து சேதத்துக்குக் கால வரம்பும் பொதுவாக இரண்டே வருடம். ஆகவே கம்பெனி ஆள் வீடு தேடி வந்து, 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்று காகிதம் நீட்டினால், வாங்கி வைத்துக்கொண்டு காபி கொடுத்து அனுப்புங்கள். கையெழுத்து மட்டும் வேண்டாம். அந்தக் காகிதத்தை எனக்கு ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.