பாக்குவெட்டி பார்க்கப் புனே போகலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் பத்து நாள் பயணமாக ஹைதராபாத், புனே, அகமதாபாத், டெல்லி போகிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு ஒன்பது. மாமியாரும் வருகிறார். கோட்டை, கோயில் என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். விநோதமான அருங்காட்சியகங்கள் நிறைய இருக்கின்றனவாம், ஜோத்பூரில் துடைப்பத்துக்குக்கூட ஒன்று உண்டாம். எவற்றைச் சேர்க்கலாம்?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஊருக்கு ஒன்று போதும். சிலை, நாணயம், வாள், பாடம் செய்த புலி என்று கூடம் கூடமாக நடக்கவிட்டால், பிள்ளைகள் சீக்கிரமே உட்கார இடம் தேடுவார்கள். ஒரே வகைப் பொருளைக் குவித்து வைத்த இடத்தில் அப்படி ஆவதில்லை. வரிசையாக இருக்கும் பூட்டுகளைப் பார்க்கிற பிள்ளை, யாரும் சொல்லாமலே ஒன்றோடு ஒன்றை ஒப்பிடத் தொடங்கிவிடும். அதனால்தான் இந்த மாதிரி இடங்களை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வார விடுமுறையைப் பாருங்கள். நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். வெளியூரிலும் இதே கதைதான். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, அகமதாபாத் காலிகோ துணி அருங்காட்சியகத்துக்குப் புதன், டெல்லியில் பெரும்பாலானவற்றுக்குத் திங்கள். டெல்லியில் உங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான் என்றால் அது திங்களாக இருக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் அன்று எங்கே போவதானாலும் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஹைதராபாத்தில் பிள்ளைகளுக்கு நேரு விலங்கியல் பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள சுதா கார்ஸ். கத்தரிக்காய், ஷூ, கிரிக்கெட் மட்டை வடிவத்திலெல்லாம் சுதாகர் என்பவர் செய்த வண்டிகள், அத்தனையும் ஓடக்கூடியவை. நேரம் மிஞ்சினால் சாலார் ஜங்கில் இசைக் கடிகாரத்தை மட்டும் பாருங்கள். மணி அடிக்கும் நேரத்தில் ஒரு சின்ன பொம்மை மனிதர் வெளியே வந்து அடித்துவிட்டுப் போவார். பன்னிரண்டு மணிக்குப் போனால் பன்னிரண்டு அடி. கூட்டம் சேரும், கொஞ்சம் முன்னாலேயே போய் இடம் பிடியுங்கள்.

புனேக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். பாஜிராவ் சாலையில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் உங்கள் மாமியாருக்காகவே வைத்தது போல இருக்கும். தினகர் கேல்கர் என்ற தனி மனிதர், சிறு வயதில் இறந்துபோன தன் மகன் ராஜாவின் நினைவாக இதை உருவாக்கினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை 1975இல் மகாராஷ்டிர அரசிடம் கொடுத்துவிட்டார். அங்கே இருப்பது பெரும்பாலும் வீட்டுச் சாமான்கள்தான்: விளக்கு, பூட்டு, சீப்பு, பாதம் தேய்க்கும் வஜ்ரி, அப்புறம் பாக்குவெட்டி. பாக்குவெட்டிகளின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு கைப்பிடி, ஒரு கத்தி, அவ்வளவுதான் கருவி. அதற்குள் மனித உருவமும் விலங்கும் பறவையுமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வெற்றிலைச் செல்லம் இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கும். சொல்லவிட்டு நீங்கள் கேளுங்கள். மாடிப்படி ஏற வேண்டும் என்பதால் அவசரப்படுத்தாதீர்கள்.

அகமதாபாத்தில்தான் சிக்கல். 1949இல் தொடங்கிய காலிகோ துணி அருங்காட்சியகம் இந்தியாவிலேயே தவறவிடக் கூடாத இடங்களில் ஒன்று. ஆனால் முன்பதிவு கட்டாயம், சிறு குழுவாகத்தான் அழைத்துப் போவார்கள், படம் எடுக்க முடியாது, பத்து வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. எனவே உங்கள் மகன் போக முடியாது. மகளோடு ஒருவர் போங்கள், மற்றவர்கள் வேறு பக்கம் போகட்டும். தேதி முடிவானதுமே பதிவு செய்துவிடுங்கள். அங்கே பட்டோலா என்ற குஜராத் பட்டுத் துணியைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். பாவு நூல், ஊடு நூல் இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றி, தறியில் நூலுக்கு நூல் பொருத்தி நெய்கிறார்கள். உருவங்களின் ஓரம் லேசாகக் கலங்கித் தெரிவது அதனால்தான்.

மகனுக்கும் பாட்டிக்கும் அதே ஊரில் விஷாலா உணவக வளாகத்தில் வேச்சார் என்ற பாத்திர அருங்காட்சியகம் இருக்கிறது. எவர்சில்வர் வந்ததும் நாம் பித்தளை அண்டாவையும் தவலையையும் எடைக்குப் போட்டோமே, அதுதான் குஜராத்திலும் நடந்தது. பழைய பாத்திரங்கள் உருக்கப் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் சுரேந்திர படேல் சேர்க்கத் தொடங்கியதுதான் 1981இல் அருங்காட்சியகமானது. ஈயம் பூசுவது எதற்கு என்று அங்கே வைத்துப் பேரனுக்குப் பாட்டி சொல்லலாம்: ஈயம் இல்லாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிக் கெட்டுவிடும். மாலையிலும் திறந்திருக்கும், ஆனாலும் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

டெல்லியில் பலரும் சொல்லத் தயங்குகிற இடத்தை நான் முதலில் சொல்வேன். பிந்தேஷ்வர் பாடக் 1992இல் தொடங்கிய சுலப் கழிப்பறை அருங்காட்சியகம். பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் சிம்மாசனக் கழிப்பறை மாதிரியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதோடு வந்துவிடாதீர்கள். இரட்டைக் குழிக் கழிப்பறையின் மாதிரியைப் பார்த்து அது எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியில் இருப்பது காலப்போக்கில் எருவாகிவிடும். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் கொடுமையை ஒழிக்கத்தான் இந்த வேலையே. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இது நன்றாகப் புரியும், பேசவும் வேண்டும். மகனுக்கு இன்னும் உற்சாகம் இருந்தால் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்தில் பாட்டியாலா மோனோரயிலைக் காட்டுங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓட, சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும்.

ஜோத்பூரை இந்த முறை விட்டுவிடுங்கள், பத்து நாளில் ஐந்தாவது ஊர் தாங்காது. ராஜஸ்தான் மட்டும் போகும்போது அதைச் சேருங்கள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் கோமல் கோத்தாரி உருவாக்கிய அந்தத் துடைப்ப அருங்காட்சியகம், அர்ணா ஜர்ணா, ஊருக்கு வெளியே இருக்கிறது, வண்டி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.