இரண்டு அமெரிக்கர்களுக்காக இரண்டு பையன்களை நீக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் கூடைப்பந்து கிளப் முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. நான் பொருளாளர். அடுத்த மாதம் மூன்று வாரம் நடக்கும் ஒரு பணப்பரிசுப் போட்டியில் அணிக்கு இரண்டு வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. தரகர் ஒருவர் இரண்டு அமெரிக்கர்களைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். ஆளுக்கு 3 லட்சம் ரூபாய் கையில் கொடுக்க வேண்டும், அவருக்கு 1.5 லட்சம் முன்பணம். சுற்றுலா விசா போதும் என்கிறார். ஊரிலேயே படிக்கும் நைஜீரிய மாணவர் ஒருவர் ஆட்டத்துக்கு ஐயாயிரம் வாங்கிக்கொண்டு ஆடுவார், அவர் போதும் என்கிறது ஒரு தரப்பு. உறுப்பினர் ஒருவரின் அக்காள் மகன் டொராண்டோவில் இருக்கிறான், வயது 19, ஓசிஐ (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டை வைத்திருக்கிறான், அவன் நம் ஆள்தானே என்கிறது இன்னொரு தரப்பு. யாரைச் சேர்த்தாலும் பன்னிரண்டு பேர் பட்டியலிலிருந்து நம் பையன்கள் விலக வேண்டும். அதில் ஒருவன் ஆறு வருடமாக எங்களோடு இருப்பவன். ஞாயிற்றுக்கிழமைக்குள் தரகருக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முன்பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன். கொடுத்திருந்தால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குப் பயன்படாது; மீதிப் பாதி போலீஸ் நிலையத்தில் பயன்படலாம்.

சுற்றுலா விசா என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே பேச்சை முடித்திருக்க வேண்டும். அந்த விசாவில் வருபவர் கப்பன் பார்க்கில் நடக்கலாம், மைசூரு அரண்மனையைப் பார்க்கலாம். காசு வாங்கிக்கொண்டு பந்து போட முடியாது. ஊதியத்தோடு ஒரு குறிப்பிட்ட போட்டிக்கு வரும் ஆட்டக்காரருக்கு வணிக விசா என்று ஒன்று இருக்கிறது. ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கு வருபவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி. கிளப்போடு காலம் குறித்து ஒப்பந்தம் போட்டு இங்கேயே தங்கி ஆடுபவருக்கு வேலைவாய்ப்பு விசா. இதற்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொது வரம்பு. உங்கள் கிளப் இப்போதைக்கு அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்க வேண்டாம். ஆகவே மூன்று வாரத்துக்கு வணிக விசா ஒன்றுதான் வழி. அதற்கு அழைப்புக் கடிதம் கிளப்பின் பெயரில் போக வேண்டும். கிளப் சங்கமாக முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, ஆண்டறிக்கையைப் பத்து வருடமாகத் தாக்கல் செய்யாத கிளப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

அந்த அழைப்புக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பல தரகர்களுக்கு வேண்டியது உங்கள் லெட்டர்பேடு. எனக்குத் தெரிந்த ஒரு கிளப், ஐந்து 'ஆட்டக்காரர்'களுக்குக் கடிதம் கொடுத்தது. ஐந்து பேரும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். மைதானத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். மற்ற மூவர் எங்கே போனார்கள் என்று செயலாளர் பல மாதம் அலுவலகம் அலுவலகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தரகருடைய போன் அணைந்திருந்தது. வெளிநாட்டவரை யார் வீட்டில், எந்த விடுதியில் தங்க வைத்தாலும், சி படிவம் என்று நெடுநாளாக வழங்கும் தங்கல் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கடமை தங்க வைத்தவருடையது. தரகர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்தது, அவர் உண்மையில் ஏஜென்ட்தானா? உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா, ஏஜென்டுகளுக்குத் தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிறது. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிபாவின் இணையதளத்திலேயே இருக்கிறது; யாரும் பார்க்கலாம். பெயர் இல்லையென்றால் அவர் ஏஜென்ட் அல்லர், அறிமுகம் செய்து வைக்கும் ஆள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் ஏஜென்டுக்கு ஆட்டக்காரரின் அடிப்படை ஊதியத்தில் 10 சதவீதம் என்பது ஃபிபாவின் அளவு. 6 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வருகிறது. உங்கள் ஆள் கேட்பது 25 சதவீதம், அதுவும் ஆட்டக்காரர் விமானம் ஏறுவதற்கு முன்னால். மாட்டுத் தரகர்கூட மாடு கைமாறிய பிறகுதான் தரகு வாங்குவார்.

அவர் வீடியோ அனுப்பியிருப்பார். மூன்று நிமிட வீடியோவில் நானும் நன்றாகவே ஆடுவேன். ஸ்கோர் பலகையும் கடிகாரமும் தெரிகிற ஒரு முழு ஆட்டத்தைக் கேளுங்கள், சென்ற ஓர் ஆண்டுக்குள் ஆடியதாக. பிறகு ஆட்டக்காரரோடு, தரகர் இணைப்பில் இல்லாமல், நேராகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரே ஆளை மூன்று கிளப்புகளுக்கு விற்கிற வழக்கம் இருக்கிறது. விற்கப்படுவது அந்த ஆளுக்கே தெரியாது.

இதே ஆட்கள்தாம் மறுபக்கம் நம் பெற்றோரிடமும் வருகிறார்கள். பையனுக்கு ஐரோப்பாவில் ட்ரையல், நுழைவுக் கட்டணம் இத்தனை லட்சம் என்று. நீங்கள் கேட்கவில்லைதான், இருந்தாலும் உங்கள் கிளப்பில் உயரமான பையன்கள் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பஞ்சாப் பையன் சத்னம் சிங் 2010-இல் ஃபுளோரிடா அகாடமிக்குப் போனது உதவித்தொகையில். 2015-இல் அமெரிக்காவின் என்பிஏ லீகுக்கான ஆள் தேர்வில் டாலஸ் மாவரிக்ஸ் அணி அவரை 52-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. உங்கள் பையனைத் தேடி வருகிறவர் உங்களிடமே கட்டணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி கிளியரன்ஸ் கடிதம். வேறு நாட்டுக் கூட்டமைப்பில் கடைசியாகப் பதிவாகியிருந்தவர் இங்கே ஆட வேண்டுமானால், அந்த நாட்டுக் கூட்டமைப்பு அவரை விடுவிக்கும் கடிதம் தர வேண்டும். அவர் வேறு கிளப்போடு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தால் மட்டுமே மறுக்கலாம். கேட்ட ஏழு நாளில் பதில் வர வேண்டும். அமெரிக்கா ஏழு நாளில் கொடுத்துவிடும். ஆனால் கோரிக்கையை நீங்கள் நேரடியாக அனுப்ப முடியாது. மாநிலச் சங்கம், அங்கிருந்து தேசியக் கூட்டமைப்பு, அங்கிருந்து ஃபிபாவின் கணினி. இந்த இரண்டு படிக்கட்டில்தான் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது. மின்னஞ்சலுக்குப் பதில் வராது. நேரில் போனால், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்பார்கள். 2015-இல் கூட்டமைப்புக்கே பெங்களூரில் ஒரு தேர்தல், புணேவில் ஒரு தேர்தல் என்று இரண்டு தலைமைகள் இருந்தன. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் நின்றார்கள். அன்றைக்கு இன்று தேவலை என்று சொல்லலாம், அவ்வளவுதான். அடுத்த மாதப் போட்டிக்கு இந்த மாதம் தொடங்கினால் கடிதம் அரை இறுதிக்கு வந்து சேரும். போட்டி நடத்துபவர் கடிதமே கேட்கவில்லை என்றால் மகிழாதீர்கள். அந்தப் போட்டிக்குச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அங்கீகாரமில்லாத போட்டியில் ஆடினால் சங்கம் பாய்வது ஊரில் இருக்கும் பையன்கள்மீது. அமெரிக்கர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

வரிக் கணக்கு உங்கள் துறை, பொருளாளரே. இந்தியக் குடிமகன் அல்லாத, இங்கே வசிக்காத விளையாட்டு வீரருக்கு இங்கே கொடுக்கும் ஊதியத்தில் 20 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 20.8 சதவீதத்தை நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும். செலவைக் கழிக்க முடியாது. 'கையில் 3 லட்சம்' என்று ஒப்புக்கொண்டால் கணக்கில் அது 3,78,788 ரூபாய். இரண்டு பேருக்கு 7,57,576. தரகர் சொல்லாமல் விட்டது 1,57,576 ரூபாய். அவருடைய முன்பணத்தைவிடக் கொஞ்சம் அதிகம். விமான டிக்கெட், தங்குமிடம், காயத்துக்கான காப்பீடு எல்லாம் இதற்கு மேல். முதல் பரிசு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. கழித்துப் பாருங்கள்.

நைஜீரிய மாணவர் விஷயம் சின்னது. மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை இல்லை. ஐயாயிரத்தைப் பயணப்படி என்று எழுதினாலும் அது ஐயாயிரம்தான். பிடிபட்டால் உங்களுக்குத் தலைகுனிவு. அவருக்கு விசாவும் போகும், படிப்பும் போகும். மாலைப் பயிற்சிக்கு நண்பராக வந்து ஆடட்டும்.

ஓசிஐ பையன் விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே இதை நீட்டியே சொல்கிறேன். ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல. பெயரில் 'குடிமகன்' என்று போட்டு வைத்து அரசே இந்தக் குழப்பத்தை உண்டாக்கியது. அது ஆயுள் முழுவதற்குமான விசா. அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம், எத்தனை நாள் தங்கினாலும் பதிவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம், சம்பளம் வாங்கி ஆடலாம். விசாத் தொல்லையைப் பொறுத்தவரை உங்கள் மூன்று யோசனைகளில் இதுவே எளிது. இங்கேதான் மாமாக்கள் தவறு செய்கிறார்கள்: விசா வேண்டாமென்றால் வெளிநாட்டவர் கணக்கிலும் வரமாட்டான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஃபிபாவின் கணக்கில் நாடு என்பது பாஸ்போர்ட். ரத்தம் திருநெல்வேலியாக இருக்கலாம், பாஸ்போர்ட் கனடாவுடையது. எனவே அவன் உங்கள் இரண்டு வெளிநாட்டு இடங்களில் ஒன்றை நிரப்புவான். அங்கே பதிவு செய்து ஆடியிருந்தால் கனடாக் கூட்டமைப்பின் கிளியரன்ஸ் கடிதம் வேண்டும். இங்கே வசிக்காதவன் என்பதால் அந்த 20.8 சதவீதமும் அவனுக்கு உண்டு. இதற்கு நேர் எதிராக, துபாயில் வளர்ந்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையன் உள்ளூர்க்காரன். அங்கே பதிவு செய்து ஆடியிருந்தால் கிளியரன்ஸ் கடிதம் மட்டும் வேண்டும்.

நாளைக்கு இந்திய அணியில் ஆடுவான் என்று அவன் மாமா சொல்லியிருந்தால் அதையும் இப்போதே திருத்திவிடுங்கள். இந்திய அணிக்கு இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும் என்பது 2008 முதல் அரசின் கொள்கை. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. டொராண்டோவில் பிறந்த சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம், 2015-இல் சாக்ரமென்டோ கிங்ஸுக்காக என்பிஏவில் ஆடினார். நம் அணிக்கு அவர் வேண்டுமானால் கனடாப் பாஸ்போர்ட்டைத் துறக்க வேண்டும். யார் துறப்பார்?

இவ்வளவும் காகிதம். ஆட்டத்துக்கு வருகிறேன். ஓர் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். பங்கிட உங்களிடம் இருப்பது 200 நிமிடம். காசு கொடுத்துக் கொண்டுவந்தவரைப் பெஞ்சில் உட்கார வைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் துணிவு வராது. ஆளுக்கு 35 நிமிடம் என்றால் 70 போய்விட்டது. மீதி 130 நிமிடத்தைப் பத்துப் பேர் பிய்த்துக்கொள்ள வேண்டும். தரகர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் வளையத்தருகே நின்று ஆடும் போஸ்ட் ஆட்டக்காரர்கள், ஏனென்றால் உயரத்தை விற்பது சுலபம். வளையத்தின்கீழ் நின்று ரீபவுண்டுக்கு முட்டி மோதிக் கற்றுக்கொள்ள வேண்டிய உங்கள் 6 அடி 5 அங்குலப் பையன், சீசன் முழுவதும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பான். 2025 ஆகஸ்டில் ஜெத்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், இறக்குமதி ஆள் ஒருவர்கூட இல்லாத நம் அணி ஜோர்டானைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்று 84-91 என்று தோற்றது. அந்தப் பையன்கள் எல்லோரும் ஏதோ ஒரு கிளப்பில் நிமிடங்கள் கிடைத்து வளர்ந்தவர்கள். பிலிப்பைன்ஸ் லீக் வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் மதிப்பு மிகுந்த பிலிப்பைன் கோப்பையை மட்டும் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கென்றே வைத்திருக்கிறது.

வெளிநாட்டவரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்மைவிட நன்றாக ஆடுபவரோடு தினமும் பயிற்சி செய்தால் பையன்கள் வளர்வார்கள், அது உண்மை. மூன்று வாரத்தில் அது நடக்காது. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு வந்து இறங்குபவர், நம் பையன்கள் தடுப்பாட்டத்தில் தமிழும் கன்னடமும் கலந்து கத்துவதைப் புரிந்துகொள்வதற்குள் லீக் சுற்று முடிந்திருக்கும். பணம் சேர்ந்தால் ஒருவரை, போஸ்ட் அல்ல, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஒரு நல்ல கார்டை, சீசன் முழுமைக்கும் ஒப்பந்தம் செய்யுங்கள். பந்தைப் பங்கிடத் தெரிந்த கார்டு வந்தால் மற்ற நால்வரின் ஆட்டமும் ஏறும். அந்த ஒப்பந்தத்தில் செயலாளர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடக் கூடாது. ஃபிபாவின் நடுவர் மன்றத்துக்குப் போகும் விதி அதில் இருந்தால், வழக்கறிஞர் ஒருவர் படித்த பிறகே போடுங்கள். அங்கே வரும் தீர்ப்பைக் கட்டாவிட்டால் கிளப் இனி வெளிநாட்டவரையே பதிவு செய்ய முடியாமல் போகலாம்.

அடுத்த மாதத்துக்கு உங்கள் பன்னிரண்டு பேரோடு போங்கள். டொராண்டோப் பையன் அந்த நேரத்தில் விடுமுறைக்கு வருவதாக இருந்தால், கிளியரன்ஸ் கையில் இருந்தால், பன்னிரண்டாவது இடத்தில் எழுதலாம். பன்னிரண்டாவதாக இருக்கும் பையனை முதலில் உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லிவிட்டு எழுதுங்கள், வாட்ஸாப்பில் அல்ல.

அந்தப் பையன் வேறு கிளப்புக்கு ஆடப் போகிறேன் என்றால், விடுவிப்புக் கடிதத்தை அன்றே தேதி போட்டுக் கொடுத்துவிடுங்கள். முத்திரை தலைவர் வீட்டில் இருக்கிறது, தலைவர் சேலத்துக்குப் போயிருக்கிறார் என்று பதிவுக் கெடு முடியும்வரை இழுக்காதீர்கள்.