வாசகர் கேள்வி – பதில்: அப்பா மறந்த பாய்லர்

கே: 'தி ஷைனிங்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். நடக்கப்போவதெல்லாம் சிறுவன் டேனிக்கு முன்கூட்டியே தெரிகிறது. தெரிந்து என்ன லாபம்? நாவலிலும் இப்படித்தானா? – கும்பகோணம் வாசகி

ப: இந்தச் சந்தேகம் எனக்கு வரவே எட்டு வருடமாயிற்று. திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் நான் வாங்கிய பிரதியில் கடைசி நாற்பது பக்கம் கிடையாது. படத்தின் முடிவுதான் நாவலின் முடிவும் என்று எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தேன்.

ஸ்டீபன் கிங்கின் நாவல் வந்தது 1977-ல். அதில் டேனிக்கு ஐந்து வயது. பனிக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் ஓட்டலைக் கவனித்துக்கொள்ள அப்பா வேலைக்குச் சேர, அங்கே குடும்பத்தோடு போய்ப் பேயைப் பார்ப்பதற்கு முன்பே அவனுக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது. அம்மா, அப்பா மனசுக்குள் 'விவாகரத்து' என்ற சொல் ஓடுவது அவனுக்குத் தெரிகிறது. ஒருமுறை குடிபோதையில் தன் கையை ஒடித்த அப்பாவின் கார் வருகிறதா என்று தெருவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கிறோமே, இவன் வீட்டில் அது நடக்காது. ஓட்டலின் 217-ஆம் அறைக் குளியல் தொட்டியில் வரும் பிணத்தை விட என்னைத் தூங்கவிடாதது இதுதான். (படத்தில் அது 237. வெளித்தோற்றத்துக்குப் படம் பிடித்த ஆரிகன் டிம்பர்லைன் லாட்ஜில், 217-ல் தங்க ஆள் வராது என்று பயந்து மாற்றச் சொன்னார்கள். இப்போது அங்கே அதிகம் பேர் கேட்டு வாங்குவது 217-தானாம்!)

1980-ல் படமெடுத்த குப்ரிக், மனசைப் படிக்கும் சங்கதியைப் பெரும்பாலும் கழித்துவிட்டார். மிஞ்சியது ஒரு முகமும் ஓர் ஆட்காட்டி விரலும். விரல் மடங்கி நிமிர, கரகரத்த குரலில் 'டோனி' பேசுகிறான். யார் என்று கேட்டால், என் வாயில் குடியிருக்கும் பையன் என்கிறான் டேனி. நாவலின் டோனியோ வேறு யாருமில்லை, வளர்ந்த டேனிதான். முழுப்பெயரே டேனியல் அந்தோணி டாரன்ஸ்.

சரி, லாபத்துக்கு வருவோம். படத்தில் டேனி மனசாலேயே கூப்பிட்டு வரவழைத்த ஓட்டல் சமையல்காரர் ஹாலரன் வந்ததும், வெறிபிடித்த அப்பாவின் கோடரிக்குப் பலி. அவர் வந்த பனிவண்டிதான் தப்பிக்க உதவுகிறது. அப்பாவிடமிருந்து டேனி பிழைப்பது, பனியில் பதிந்த தன் காலடிகளிலேயே பின்னோக்கி நடந்து. கண்ணாமூச்சி ஆடிய எந்தப் பையனும் செய்யக்கூடியது! நாவலில் ஹாலரன் சாகவில்லை. அங்கே டேனி அப்பாவுக்கு நேராக நின்று, அவர் மறந்துபோன ஒன்றைச் சொல்கிறான்: பாய்லர். அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டதால் ஓட்டலே வெடிக்கிறது. என் பிரதியில் கிழிந்துபோனது இந்த இடம்தான். கிங் தானே திரைக்கதை எழுதிய 1997 தொலைக்காட்சித் தொடரிலும் பாய்லர் வெடித்தது. பயம் மட்டும் புஸ்ஸென்று போய்விட்டது.

கே: கண்ணாடியில் 'மர்டர்' என்று தெரியும் அந்த 'ரெட்ரம்'மைத் தமிழில் எப்படி எழுதுவது? – சேலம் வாசகர்

ப: 'கொலை' என்று எழுதிக் குளியலறைக் கண்ணாடி முன் பிடித்துப் பார்த்தேன். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வீட்டில் வேறு மாதிரி பயந்தார்கள். விட்டுவிடுங்கள்.

கே: டேனியாக நடித்த பையன் இப்போது என்ன செய்கிறார்? – மதுரை வாசகி

ப: டேனி லாயிட் கல்லூரியில் உயிரியல் பாடம் நடத்தப் போய்விட்டார். படப்பிடிப்பின்போது அது பேய்ப்படம் என்றே அவருக்குச் சொல்லவில்லை. அப்புறம், இந்தக் கதையின் தொடர்ச்சியாக 2019-ல் வந்த 'டாக்டர் ஸ்லீப்' படத்தில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கும் கூட்டத்தில் ஒருவராக வந்துபோகிறார். இரண்டு தடவை பின்னால் ஓட்டித்தான் கண்டுபிடித்தேன்.