பதிவு செய்யாத திருமணம், உயில் எழுதாத கணவர்: வீடு யாருக்கு?

கேள்வி: 1985-இல் டர்பன் சாட்ஸ்வர்த்தில் உள்ள கோயிலில் குருக்கள் முன்னிலையில் எங்களுக்குத் திருமணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. சென்ற மாதம் என் கணவர் உயில் எழுதாமல் காலமானார். அவர் பெயரில் உள்ள வீடு 9,00,000 ராண்ட் பெறும். எங்கள் பிள்ளைகள் மூவரும் வயது வந்தவர்கள். பதிவில்லாத மனைவிக்கு உரிமையில்லை, வீட்டைக் காலி செய்யுங்கள் என்கிறார் கொழுந்தனார். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, வீட்டை விட்டு வெளியேறாதீர்கள். உயிலின்றி இறந்தவர்களின் சொத்துக்கான தென்னாப்பிரிக்காவின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம், மனைவியோ பிள்ளைகளோ உயிருடன் இருக்கும்போது உடன்பிறந்தாருக்குப் பங்கு தருவதில்லை. ஆகவே தங்கள் திருமணமே செல்லாது என்று வாதிட்டுக் கொழுந்தனார் வென்றாலும், வீடு பிள்ளைகளைச் சேருமே தவிர அவருக்கு வராது.

திருமணத்தைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். தாலி கட்டியதே போதும் என்று பதிவு செய்யாமல் வாழ்ந்த நம் குடும்பங்கள் ஏராளம். அதனால் கைம்பெண்கள் பட்ட துன்பமும் கொஞ்சமன்று. ஆனால் ஒருவருக்கு ஒரே மனைவியாக இந்து முறைப்படி மணந்து வாழ்ந்தவரும் இச்சட்டத்தின்படி மனைவியே என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பிலும் வெளிவந்துள்ளது. குருக்களின் அல்லது திருமணத்தில் இருந்த பெரியவர்களின் சத்தியப் பிரமாணம், திருமணப் படங்கள், தந்தை பெயருள்ள பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றை இப்போதே திரட்டுங்கள்.

கடன்களும் செலவுகளும் போக 9,00,000 ராண்ட் மிஞ்சுவதாகக் கொண்டால், தாங்களும் பிள்ளைகள் மூவருமாக நால்வர் என்பதால், நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒரு பிள்ளையின் பங்கு, 2,25,000 ஆகும். மனைவிக்குரியது ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அது என்பதால், தங்களுக்கு 2,50,000 கிடைக்கும். எஞ்சிய 6,50,000-ஐ மூவரும் சமமாகப் பெறுவர். வீட்டை விற்காமல் காக்க வழியுண்டு: வயது வந்த பிள்ளை தன் பங்கைத் துறந்தால், அது தாயையே சேரும் என்று அதே சட்டம் சொல்கிறது. துறந்ததை எளிதில் திரும்பப் பெற இயலாது என்பதால், மூவரும் அதை நன்கு உணர்ந்து, தங்கள் வற்புறுத்தலின்றிக் கையெழுத்திட வேண்டும் என்பது என் கருத்து.

இறப்பை 14 நாட்களுக்குள் உயர் நீதிமன்ற மாஸ்டர் (இறந்தவர்களின் சொத்து நிர்வாகத்தை மேற்பார்வையிடும் அதிகாரி) அலுவலகத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தாமதமானாலும் உடனே சென்று இறப்பு அறிவிப்பையும் சொத்துப் பட்டியலையும் கொடுங்கள். சொத்தின் மதிப்பு 2,50,000 ராண்டைத் தாண்டுவதால், சொத்தைப் பங்கிட்டு முடிக்கும் நிர்வாகியை மாஸ்டர் முறைப்படி நியமிப்பார். பிள்ளைகளுடன் பேசி ஒருவரை முன்மொழியுங்கள். அந்த நியமனப் பத்திரம் வரும்வரை வீட்டை விற்கவோ பிரிக்கவோ எவருக்கும் அதிகாரமில்லை, கொழுந்தனாருக்கும் இல்லை. கணவரின் வங்கி அட்டையைத் தாங்களும் பயன்படுத்தக் கூடாது.

தங்களை மனைவியாக ஏற்க மாஸ்டர் அலுவலகம் மறுத்தால், அதை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டு உயர் நீதிமன்றத்தை அணுகுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லையெனில், அரசின் சட்ட உதவி நிறுவனமான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவில் விண்ணப்பிக்கலாம்.